திருமண நாளுக்கு வெளிநாட்டுப் பயணம்: எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது

திருமண நாளன்று மனைவியையோ கணவரையோ முன்கூட்டிச் சொல்லாமல் வெளிநாட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசை இன்று பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் பறக்கின்றன. மாதத் தவணையில் பணம் கட்டும் பேக்கேஜ்கள் வந்துவிட்டன. இருபத்தைந்து வருடம் குடும்பத்துக்காக ஓடிய ஒருவரை ஒரு நாளாவது திகைக்க வைத்து மகிழ்விக்க நினைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஒருவரைச் சொல்லாமல் அழைத்துப் போவதுபோல எல்லை தாண்டி அழைத்துப் போக முடியாது. சில இடங்களில் முடிந்தாலும் அப்படிச் செய்யக் கூடாது. குடியேற்ற அதிகாரியின் மேஜைக்கு முன்னால் தம்பதி என்று ஒருவர் இல்லை, இரண்டு பயணிகள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் தனித்தனி, கையெழுத்து தனித்தனி, தப்பு நேர்ந்தால் பொறுப்பும் தனித்தனி. துணைக்குத் தெரியாமல் நாம் நிரப்பும் ஒவ்வொரு படிவமும் அவர் பார்க்காமலேயே அவர் பெயரில் தரப்படும் உறுதிமொழி ஆகிவிடுகிறது. எந்த நாடு, எந்தத் தேதி, என்னென்ன ஆவணம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அங்கே போன பிறகு நடக்கப்போவதை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்கலாம். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து; நம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து ஆண்டு செல்லும் என்றாலும், பல நாடுகள் நாம் போய் இறங்கும் நாளில் இன்னும் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. கடைசி ஆறு மாதத்தில் இருக்கும் பாஸ்போர்ட் அந்த நாடுகளுக்குக் காலாவதியானது போலத்தான். புதுப்பிக்க வேண்டுமானால் உரியவரே பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போய்ப் புகைப்படமும் கைரேகையும் கொடுக்க வேண்டும். போலீஸ் சரிபார்ப்பு உண்டென்றால் காவல் நிலையத்திலிருந்து அவரைத் தேடித்தான் வருவார்கள். இதில் ரகசியத்துக்கு இடமே இல்லை. துணையின் கையெழுத்தை நாமே போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பாஸ்போர்ட்டுக்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம்.

கணவன் மனைவிக்குள் இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில் ஒருவர் எல்லாக் காகிதங்களையும் பார்த்துக்கொள்வதும் மற்றவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதும் பழகிப்போன வழக்கம்தான். ஆனால் நீதிமன்றங்கள் இதை அப்படிப் பார்க்கவில்லை. வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது கூறு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்பது மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பிக்கும் மனைவிக்குக் கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை என்று தெளிவாகச் சொன்னது; கணவரின் கையெழுத்தை வாங்கிவரச் சொன்ன பாஸ்போர்ட் அலுவலகத்தின் போக்கை ஆணாதிக்க மனப்பான்மை என்று கண்டித்தது. ஆதார் விவரம் தொடர்பான ஒரு வழக்கில் 2023இல் கர்நாடக உயர் நீதிமன்றம், திருமணம் ஆனதாலேயே ஒருவரின் அந்தரங்கத் தகவல் மீதான உரிமை கரைந்துபோகாது என்றது. அங்கே தகவல் கேட்டவர் மனைவி, உரிமை காக்கப்பட்டது கணவருக்கு. இந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பிணக்கில் இருந்த தம்பதிகளின் வழக்குகளில் வந்தவைதாமே, ஒற்றுமையாக வாழ்பவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். சட்டம் தம்பதியரின் அன்பை அளந்து பார்த்து உரிமை தருவதில்லை. மனைவியின் கையெழுத்துக்குக் கணவர் தடையாக முடியாது என்றால், அவருடைய கையெழுத்துக்குக் கணவர் பதிலியாகவும் முடியாது. கணவருக்காக ரகசிய ஏற்பாடு செய்யும் மனைவிக்கும் இதே விதிதான்.

விசாவில் இது இன்னும் கடுமையாகிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பதாரர் நேரில் போய்ப் பத்து விரல் ரேகையும் தர வேண்டும். ஒருமுறை தந்தது 59 மாதங்களுக்குச் செல்லும். அமெரிக்காவுக்கு முதல்முறை போகிறவர் நேர்காணலுக்குப் போயாக வேண்டும். பிரிட்டனுக்கும் கைரேகை உண்டு. சரி, கைரேகை கேட்காத நாடாகப் பார்த்துக்கொண்டு ஏஜென்ட் மூலமாக நாமே நிரப்பிவிடலாமா? படிவத்தில் இருப்பவை பெயரும் பிறந்த தேதியும் மட்டுமல்ல. இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா, எங்காவது வழக்கு உண்டா, எங்கே வேலை, என்ன சம்பளம், யார் செலவு செய்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். திருமணத்துக்கு முன்பு ஒரு படிப்புக்காகவோ வேலைக்காகவோ விண்ணப்பித்து மறுக்கப்பட்ட விசா ஒன்று துணையின் கடந்த காலத்தில் இருக்கலாம். அதை அவர் நம்மிடம் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. நாம் நல்லெண்ணத்தோடு ‘இல்லை’ என்று குறியிட்ட பெட்டி, அந்த நாட்டின் கணினிக்கு அவர் சொன்ன பொய். பிரிட்டனில் ஏமாற்றி விசா கேட்டதாக முடிவானால் பத்து ஆண்டு வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். அமெரிக்கச் சட்டத்தில் முக்கியமான உண்மையைத் திரித்துக் கூறியதாக முடிவானால், தனி விலக்கு கிடைத்தாலொழிய அந்தத் தடை வாழ்நாள் முழுவதும் நிற்கும். இதைச் சுமக்கப்போவது ஏற்பாடு செய்தவர் அல்ல, பரிசு பெற வேண்டியவர். நாளை மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகவேண்டிய தாய்க்கு, ஒரு திருமண நாள் பரிசு அந்தக் கதவை அடைத்துவிடக் கூடாது.

“விசாவே வேண்டாத நாட்டுக்குப் போனால் போயிற்று” என்பது நியாயமான பதில். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாளுக்கு விசா இல்லாமல் அனுமதித்தது. தாய்லாந்து 2024 ஜூலையில் அந்தச் சலுகையை 60 நாள் என விரித்தது. மொரீஷியசும் மாலத்தீவும் சுற்றுலாப் பயணிகளிடம் முன்கூட்டி விசா கேட்பதில்லை. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் வாக்காளர் அடையாள அட்டையே போதும். பாஸ்போர்ட் இல்லாத துணைக்கு இவை உண்மையிலேயே நல்ல வழி. ஆனால் இத்தகைய சலுகைகள் அந்தந்த அரசு விரும்பும்போது சுருங்கும், நீளும். மூன்று மாதம் முன்பு பார்த்த வீடியோவை நம்பாமல் அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் டிக்கெட் எடுக்கும் முன்பு ஒருமுறையும், கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். விசா இல்லை என்றால் படிவம் இல்லை என்றும் பொருளல்ல. மலேசியாவும் தாய்லாந்தும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பச் சொல்கின்றன. அதிலும் பயணியின் சொந்த விவரங்கள்தாம். கென்யாவில் சிங்கம் பார்க்கும் ஆசை என்றால் ரகசியம் ஊசி வடிவில் உடையும். அந்த நாட்டிலிருந்து திரும்புகிறவர்களிடம் இந்தியா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். கர்ப்பிணிகளும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், அறுபது வயதைக் கடந்தவர்களும் மருத்துவரிடம் பேசாமல் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

பெயர் விஷயத்தில் மற்ற மாநிலத்தவரைவிடத் தமிழர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து தந்தை பெயராகவோ கணவர் பெயராகவோ உட்காரும். சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். திருமணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், ஆதாரில் கணவர் பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறொரு பெயர் என்று மூன்று பெயரோடு வாழும் பெண்கள் நம்மிடையே ஏராளம். ரகசியமாக டிக்கெட் எடுப்பவர் நினைவிலிருந்து தட்டச்சு செய்கிறார், அல்லது கைக்குக் கிடைத்த ஆதார் நகலைப் பார்த்துப் போடுகிறார். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு டிக்கெட் ஒத்துப்போகாவிட்டால் ஏற்ற மறுக்க விமான நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதற்கு இழப்பீடும் கிடையாது. ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது பலர் டிக்கெட்டும் ஓட்டலும் எடுத்துவிட்டுத் திகைத்து நின்றார்கள். எனவே துணையின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கடைசிப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட்டில் போட வேண்டும். தவறிவிட்டால், விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாக எடுத்த டிக்கெட்டாக இருந்தால், 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டும் பெயர்ப் பிழையை நம் நாட்டு நிறுவனங்கள் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. இடைத்தரகர் செயலியில் எடுத்தால் இந்தச் சலுகையை உரிமையாகக் கேட்க முடியாது. பத்தோ நூறோ தள்ளுபடிக்காக அதை இழப்பது புத்திசாலித்தனமல்ல.

மனைவி அலுவலகம் போனதும் அவருடைய துணிமணிகளை எடுத்து அடுக்கி வண்டியில் மறைத்து வைப்பது சர்ப்ரைஸ் பயணத்தின் இனிமையான பகுதியாகச் சொல்லப்படுகிறது. பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் அதுவே மிக மோசமான பகுதி. “இந்தப் பையை நீங்களேதான் அடுக்கினீர்களா?” என்ற கேள்விக்கு விமான நிலையத்தில் அவர் உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும். அது தவிர, உள்ளே இருப்பது சட்டப்படி யார் பெயரில் உள்ள பையோ அவருடையது. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்து, ட்ராமடால் வலி மாத்திரை, தூக்க மாத்திரை போன்றவை சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவர் சீட்டு, சில மருந்துகளுக்கு முன்அனுமதி என்று கேட்பார்கள். சமையலறையில் இருக்கும் கசகசா வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். வழிக்கு என்று கட்டிக் கொடுத்த மசாலாப் பொடியில் அது இருந்தாலும் தொல்லைதான். துணை தினமும் சாப்பிடும் தைராய்டு மாத்திரையை மறந்துவிட்டு மூன்று நாள் தவிக்க விடுவதும் இதே அறியாமையின் இன்னொரு பக்கம். அவரவர் பையை அவரவர் அடுக்குவதுதான் முறை. அதற்கு எந்தத் தட்பவெப்பத்துக்குப் போகிறோம் என்றாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அணிந்துபோகும் தாலிக்கொடியும் வளையலும் கனமானவை என்றால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது அவை வெளிநாட்டில் வாங்கியவை அல்ல என்று நிரூபிக்கத் திணற வேண்டியதில்லை.

அரசு ஊழியர்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வெளிநாடு செல்லத் துறையின் முன்அனுமதி பெற வேண்டும். சொந்தச் செலவில் நாலு நாள் உல்லாசப் பயணம் என்றாலும் விதி அதுதான். அவர்களைத் தெரிவிக்காமல் அழைத்துப்போவது ஒழுங்கு நடவடிக்கைக்கு நாமே வழி செய்து கொடுப்பதாகும். குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு நீதிமன்ற அனுமதியும் தேவைப்படலாம்.

பயணக் காப்பீடு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ரகசியத்தின் விலை லட்சங்களில் இருக்கும். ஷெங்கன் நாடுகள் குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மற்ற நாடுகளுக்கு அது நம் விருப்பம் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள், அல்லது டிக்கெட்டோடு வரும் மலிவான பாலிசிக்கு ஒரு சொடுக்கில் சம்மதித்துவிடுகிறார்கள். அந்தச் சொடுக்கில் ஒரு நல்லுடல் அறிவிப்பும் அடங்கியிருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு செய்த அறுவை சிகிச்சை இவற்றைச் சொல்லாமல் விட்டால், வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்திருக்கும்போது நிறுவனம் கோரிக்கையை மறுக்க அது காரணமாகும். கணவரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் போன மாதம் என்ன வந்தது என்பது மனைவிக்குத் தெரியாமல் இருக்கலாம். மனைவி கருவுற்றிருப்பதை இன்னும் சொல்லாமல், அவரும் ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருக்கலாம். கர்ப்பம் தொடர்பான செலவைப் பெரும்பாலான பயணப் பாலிசிகள் ஏற்பதில்லை. இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. எல்லா ஏற்பாட்டையும் தன் தலையிலேயே வைத்திருந்தவருக்கு அந்நிய ஊரில் நெஞ்சுவலி வந்தால், உடன் வந்தவருக்கு ஓட்டல் பெயர் தெரியாது, பாலிசி எண் தெரியாது, திரும்பும் டிக்கெட் எங்கே என்று தெரியாது. விமானம் ஏறும் முன்பாகவாவது பாஸ்போர்ட், டிக்கெட், பாலிசி, ஓட்டல் முகவரி, இந்தியத் தூதரகத் தொலைபேசி எண் ஆகியவற்றின் நகல் இருவர் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கைப்பையில் இருக்க வேண்டும்.

இனி பணம். ரகசியத்தால் நேரும் மிகப் பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது, ஆனால் இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. துணைக்குத் தெரியக் கூடாது என்பதால் கூட்டுக் கணக்கிலிருந்து அனுப்பாமல் ரொக்கமாகவோ யாருடைய தனிப்பட்ட யுபிஐ எண்ணுக்கோ பணம் கொடுக்கிறோம். வீட்டுக்குப் பில் அனுப்ப வேண்டாம் என்கிறோம். வாட்ஸ்அப் உரையாடலை அவ்வப்போது அழிக்கிறோம். “இந்த ஏஜென்ட்டைப் பார்த்தால் சரியாகப் படவில்லையே” என்று சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் வாய் திறப்பதில்லை. போதாக்குறைக்குத் தேதியையும் மாற்ற முடியாது. திருமண நாள் தள்ளிப்போகாது என்பது ஏஜென்ட்டுக்கும் தெரியும். ஒரு மோசடிக்காரர் தன் இரையிடம் எதிர்பார்க்கும் அத்தனையும் இதில் இருக்கிறது: அவசரம், தனிமை, ரசீதின்மை, சாட்சியின்மை. பணம் போன பிறகும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, புகார் கொடுக்க வேண்டிய முதல் சில மணி நேரத்தை வீணாக்குவதும் இதே ரகசியம்தான்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி உரிமம் பெற்றாக வேண்டும். ஆனால் சுற்றுலா பேக்கேஜ் விற்பவருக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் விரும்பினால் பெறுவதுதான். இன்ஸ்டாகிராமில் அழகான படங்களோடு கடை விரிக்க யாராலும் முடியும். ஆகவே சரிபார்ப்பு நம் வேலை. ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் நிறுவனத்தின் பெயரும் பதிவின் நிலையும் தெரிந்துவிடும். பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். முடிந்தால் கிரெடிட் கார்டில், ஏனென்றால் சேவை கிடைக்காதபோது வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி அதில் உண்டு. ஏஜென்ட் அனுப்பும் பிஎன்ஆர் (முன்பதிவு) எண் வெறும் இடப்பிடிப்பாக இருக்கலாம், இரண்டு நாளில் தானே மறைந்துவிடும். விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் போட்டு டிக்கெட் எண்ணும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டலுக்கு நாமே ஒரு மின்னஞ்சல் அனுப்பி முன்பதிவைக் கேட்டுவிடலாம். “விசா கேரண்டி” என்று சொல்பவரை அந்தச் சொல்லுக்காகவே விட்டு விலகலாம். முடிவு தூதரகத்தின் கையில், விண்ணப்பம் வாங்கும் மையத்துக்கே அதில் பங்கில்லை. மறுக்கப்பட்டாலும் விசாக் கட்டணம் திரும்பாது. ஆனால் ஓட்டல், ஊர்சுற்றல் பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். “இன்னும் இரண்டே அறை பாக்கி” என்று கடிகாரம் ஓடவிடுவதும், கேட்காத காப்பீட்டைக் கூடையில் சேர்ப்பதும், கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவதும் 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளால் தடைசெய்யப்பட்ட தந்திரங்கள். தம்பதியாக ஓட்டலுக்கு வந்தால் இலவச வெளிநாட்டுப் பயணம் பரிசு என்று அழைத்து, மூன்று மணி நேரம் பேசி, விடுமுறைக் கிளப்பில் லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கும் வியாபாரமும் திருமண நாளைக் குறிவைத்தே வருகிறது. அன்றே முடிவு சொல்ல வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

வெளிநாட்டு பேக்கேஜுக்கு விற்பவர் வருமான வரியின் கீழ் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார். விகிதமும் வரம்பும் சில ஆண்டுகளாக பட்ஜெட்தோறும் மாறிவருவதால் பணம் கட்டும் நாளில் நடப்பில் உள்ளதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிடித்த தொகை யார் பான் எண்ணில் பதிவாகிறதோ அவர் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம், மிகுதியைத் திரும்பப் பெறலாம். பில் இல்லாமல் கட்டியவருக்கு இதுவும் நஷ்டம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டால் ஆச்சரியம் எங்கே மிஞ்சும் என்று கேட்பது நியாயம். நிறைய மிஞ்சும். “திருமண நாள் வாரத்தில் ஐந்து நாள் விடுப்பு எடு, மலேசியா போகிறோம், பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்” என்று இரண்டு மாதம் முன்பு சொல்லும் அந்தக் கணமே ஓர் இன்ப அதிர்ச்சிதான். அதன் பிறகு வரும் அறுபது நாள் எதிர்பார்ப்பை முழு ரகசியம் பறித்துவிடுகிறது. பினாங்கில் எந்தக் கடற்கரை ஓட்டல், பத்துமலையில் யார் வந்து காத்திருக்கப்போகிறார்கள், இருபது வருடமாகப் பார்க்காத அக்காவோ கல்லூரித் தோழியோ அந்த ஊரில் விருந்துக்கு வருவார்களா, அன்றிரவு மேஜையில் என்ன பரிசு இருக்கும் என்பதெல்லாம் மறைத்து வைக்கத் தகுந்தவை. இவற்றில் எதற்கும் துணையின் கையெழுத்து வேண்டாம், உடல்நிலை அறிக்கை வேண்டாம், அரசுக்குத் தரும் உறுதிமொழி வேண்டாம். எதை மறைக்கலாம் என்பதற்கு இதுவே அளவுகோல். இன்னொரு கோணமும் உண்டு. எந்த நாடு என்று கேட்டால் வேறொன்றைச் சொல்லக்கூடிய உரிமை துணைக்கு இருக்கிறது. நீண்ட விமானப் பயணம் சிலருக்கு அச்சம். சிலருக்கு மாதவிலக்கு நாள். சிலருக்குப் படுத்த படுக்கையாக இருக்கும் தாயை விட்டுவிட்டுப் போக மனமிருக்காது. விமான நிலையத்தில், பணம் கட்டி முடித்த பிறகு, எல்லோர் முன்னிலையிலும் ‘வேண்டாம்’ என்று சொல்வது யாருக்கும் எளிதல்ல.

எல்லாம் சரியாகச் செய்தும் தவறு நேர்ந்தால் என்ன செய்வது? மோசடி என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க முடியும். உடனே வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். மோசடியில்லாத சேவைக் குறைபாடு என்றால், அதாவது நாலு நட்சத்திர ஓட்டல் என்று சொல்லி விடுதியில் தங்கவைத்தது, விசா மறுப்புக்குப் பின் பணத்தைத் தராமல் இழுத்தடித்தது போன்றவை என்றால், முதலில் ஏஜென்ட்டுக்கு எழுத்தில் கெடு கொடுத்துக் கடிதம், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பெரிய நன்மை, ஏஜென்ட் டெல்லியில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பணம் கட்டியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். ஆகவே கணவர் கட்டிய பேக்கேஜில் அவமானப்பட்ட மனைவி தன் பெயரிலேயே புகார் தரலாம், மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம். கெடு இரண்டு ஆண்டு. துணையிடம் மறைப்பதற்காக அழித்த வாட்ஸ்அப் உரையாடலின் அருமை இந்த இடத்தில்தான் தெரியும். மறைக்க வேண்டுமானால் வேறொரு மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்துவிட்டு அழியுங்கள்.

விமான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா கிடைக்காது என்று ஏஜென்ட் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். நம் நாட்டு நிறுவனங்கள், பணம் திரும்பாத வகை டிக்கெட்டாக இருந்தாலும், பயணியே வராமல் போனாலும், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் போன்ற வரிகளைத் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையை மீறக் கூடாது. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே உண்டு. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அதன் சொந்த நாட்டு விதிகள் பொருந்தும் என்பதால் டிக்கெட் எடுக்கும் முன்பே படிக்க வேண்டும். அதிகப்படியாக டிக்கெட் விற்று நம்மை ஏற்ற மறுத்தால், 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் 10,000 ரூபாய் வரையிலும், அதற்கு மேல் தாமதித்தால் 20,000 ரூபாய் வரையிலும் இழப்பீடு உண்டு. புகாருக்கு ஏர்சேவா தளம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி ஒரு மாதம் பார்த்துவிட்டு, மறுப்பு வந்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம், கட்டணம் இல்லை; தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. விமானத்தில் அனுப்பிய பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது பன்னாட்டு உடன்படிக்கை விதித்த கெடு. அதற்கு அடிப்படை, பெட்டி வராத அன்றே விமான நிலையக் கவுண்டரில் எழுதி வாங்கும் சீட்டு. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்பார்கள். அதை அடுக்கியவரால்தான் பதில் சொல்ல முடியும்.